களம் காணாக் கணக்கு

பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் ஒருவர், தம்மிடம் படிக்கும் பிள்ளைகள் கைப்பேசியில் ஆடும் விளையாட்டுகளைப் பற்றித் தெரிந்து வைத்திருக்க வேண்டுமா? இக்கேள்வியை ஓராண்டுக்கு முன் யாரேனும் என்னிடம் கேட்டிருந்தால் நான் நகைத்திருப்பேன். "பாடம் சொல்லிக் கொடுக்கவே பொழுது போதாத மனிதருக்குப் பொம்மை விளையாட்டு எதற்கு ஐயா?" என்று திருப்பியும் கேட்டிருப்பேன். இன்று அப்படிக் கேட்க எனக்கு நா எழவில்லை. ஏன் எழவில்லை என்பதைச் சொல்லவே இதனை எழுதுகிறேன். சொல்லப் போவதில் நான் பெருமைப்படத்தக்கது ஒன்றுமில்லை. என் பிழையே இதில் முதற்பொருள்.

நான் ஜொகூர் மாநிலத்திலுள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி. என் தந்தையார் அதே தோட்டத்தில் மண்டோராக இருந்து ஓய்ந்தவர். அவருடைய இளமையில் பால்மரக் காடாக இருந்த இடமெல்லாம் இன்று செம்பனை. பெரட்டுக்கு வந்து நிற்போரில் பெரும்பாலோர் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவருமாக இருக்கிறார்கள்; நம்மவர் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவையே மிஞ்சியிருக்கின்றன. எனக்குப் பத்து வயதானபோது, சிங்கப்பூரிலிருந்த தாய்மாமன் என்னைத் தம் வீட்டில் வைத்து ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்க வைத்தார். ஆகையால், தமிழைப் பள்ளியில் இரண்டாம் மொழியாகவும், மாமன் வீட்டு அலமாரியில் கட்டுக்கட்டாக இருந்த பழைய வார ஏடுகளில் முதல் மொழியாகவும் கற்றேன். தோட்டத்துக்குத் திரும்பி வேலைக்கு அமர்ந்த பின், "கிராணியாருக்கு எழுத்து வரும்" என்னும் பேச்சுப் பரவிற்று. என் மகள் அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியில் சேர்ந்த ஆண்டே, என்னைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

இந்நாட்டில் 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. 150 மாணவர்க்குக் குறைந்த பள்ளியை அரசாங்கம் 'குறைந்த மாணவர் பள்ளி' என்று வகைப்படுத்துகிறது. எங்கள் பள்ளியும் அவ்வகையினது. அதன் தலைமை ஆசிரியர் நல்லவர். கூரை ஒழுகினால் அவரே ஏணி தேடுவார். பேருந்துக்காரர் வராவிட்டால் தம் காரிலேயே பிள்ளைகளை ஏற்றிச் செல்வார். அத்தகையவர் சென்ற ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள் என்னை அழைத்து, "தம்பி, பிள்ளைகள் வகுப்பில் தூங்கி விழுகிறார்கள். விசாரித்தால் இரவெல்லாம் கைப்பேசி விளையாட்டாம். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் உறைக்கும்படி ஒரு சுற்றறிக்கை எழுதித் தாருங்கள்" என்றார்.

எழுதினேன். வாசகர்களே, அதனை எழுதியபோது எனக்கிருந்த மகிழ்ச்சியை என்னென்பேன்! மாமன் வீட்டு ஏடுகளில் படித்த சொற்களெல்லாம் அணிவகுத்து வந்தன. 'பிஞ்சு உள்ளங்களைப் பிய்த்தெறியும் பேய்' என்றேன். 'பப்ஜி என்னும் நச்சுக் கொடி' என்றேன். 'இத்தகைய விளையாட்டில் ஈடுபடும் மாணவர் யாராயினும் சபையில் நிறுத்தித் தண்டிக்கப்படுவர். தொடர்ந்தால் பள்ளியை விட்டு நீக்கவும் தயங்கோம்' என்று முடித்தேன். நீக்குவதற்கு எங்களுக்கு அதிகாரம் உண்டா இல்லையா என்று நான் யோசிக்கவேயில்லை. வாக்கியம் நன்றாக முடிந்தது. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. திங்கட்கிழமைக் காலைச் சபையில் தலைமை ஆசிரியர் அதனைப் படித்தார். பின்வரிசைப் பிள்ளைகள் சிலர் தலைகுனிந்து புன்னகை செய்ததை நான் கண்டேன். அது வெட்கம் என்று எண்ணி மகிழ்ந்தேன்.

வெட்கமன்று. நான் பெயர் சொல்லித் தூற்றிய விளையாட்டை எங்கள் பிள்ளைகள் விட்டொழித்து இரண்டாண்டு ஆகியிருந்தது. வற்றிப்போன ஆற்றில் முதலை இருக்கிறதென்று எச்சரித்தவனைப் போல் ஆனேன். அவர்களோ வேறோர் ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தார்கள்; அந்த ஆற்றின் பெயரும் எனக்குத் தெரியாது, ஆழமும் தெரியாது.

இது நடந்து இரண்டு மாதம் இருக்கும். தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் பெண்மணி ஒருவர், கணவனை இழந்தவர், அலுவலக வாசலில் வந்து நின்றார். "அண்ணே, சம்பளத்தில் 200 வெள்ளி முன்பணம் கிடைக்குமா?" என்று கேட்டார். என்ன செலவு என்றேன். பிள்ளைக்குச் சப்பாத்தும் பயிற்சி நூல்களும் வாங்குவதற்காகக் கைப்பேசியிலுள்ள மின்பணப்பையில் 380 வெள்ளி சேர்த்து வைத்திருந்தாராம். அஃது எப்படியோ காணாமற் போய்விட்டதாம். "நான்தான் எதையோ தவறாக அழுத்திவிட்டேன் போலிருக்கிறது, அண்ணே. படிக்காதவள் கையில் இதெல்லாம் எதற்கு?" என்று தம்மையே நொந்துகொண்டார். அவர் பின்னால் அவருடைய மகன் நின்றான். ஐந்தாம் ஆண்டு மாணவன், சூட்டிகையான பையன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த விதம் எனக்குச் சரியாகப் படவில்லை.

தாயார் முன்பணத் தாளில் கையெழுத்திடும் நேரத்தில், நான் அவனை வெளியே மரத்தடிக்கு அழைத்துச் சென்றேன். அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு ஒரு கேள்வி கேட்டான். "மாமா, கேம் விளையாடினால் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிடுவார்களா?"

"யாரப்பா அப்படிச் சொன்னது?" என்றேன்.

"நீங்கள்தான் எழுதினீர்களாம். சார் சபையில் படித்தாரே" என்றான்.

அந்த ஒரு விடையில் என் எழுத்துச் செருக்கு முழுவதும் அடங்கிற்று. பின்னர்ச் சிறிது சிறிதாகக் கதை வெளிப்பட்டது. அவன் ஆடிய விளையாட்டில் ஓர் 'அண்ணன்' அறிமுகமாகியிருக்கிறான். முகம் தெரியாதவன், ஆனால் ஆட்டத்தில் இவனைப் பலமுறை காப்பாற்றியவன். இரண்டு தடவை இவனுடைய பாத்திரத்துக்கு அழகிய உடை ஒன்றைப் பரிசாக அனுப்பியிருக்கிறான். ஒருநாள், "இன்னும் பெரிய பரிசு அனுப்புகிறேன். உன் அம்மா கைப்பேசிக்கு ஆறு இலக்கத்தில் ஓர் எண் வரும், அதை மட்டும் எனக்குச் சொல்" என்று கேட்டிருக்கிறான். சிறுவன் சொல்லிவிட்டான். பணம் போய்விட்டது. அதன் பின்னும் அந்த 'அண்ணன்' விடவில்லை. "வீடு எந்தப் பக்கம்? உன் படம் ஒன்று அனுப்பு" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறான். சிறுவன் பயந்து விளையாட்டையே அழித்துவிட்டான். படம் அனுப்பாமல் அவன் தப்பியது அவனுடைய நற்புத்தியால். நாங்கள் கொடுத்த பாதுகாப்பினால் அன்று.

இவையெல்லாம் நடந்து மூன்று வாரம் ஆகியிருந்தன. அந்த மூன்று வாரமும் வயிற்றுவலி என்று சொல்லிப் பாதி நாள் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே கிடந்திருக்கிறான். மோசடிக்கு ஆளானோர் உடனே அழைப்பதற்கென்று நம் நாட்டில் 2022ஆம் ஆண்டு அக்டோபரில் 997 என்னும் எண் ஏற்படுத்தப்பட்டிருக்கிறது. பணம் கைமாறிக் கைமாறி மறையுமுன் அதனைத் தடுத்து நிறுத்த முயல்வதே அதன் வேலை. ஆகவே அங்கு ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. எங்கள் சிறுவனோ மூன்று வாரம் வாய் திறக்கவில்லை. அவன் வாயை அடைத்தது எது? திருடனுடைய மிரட்டலா? அன்று. என் சுற்றறிக்கை!

அன்று மாலையே மூவருமாகக் காவல் நிலையம் சென்றோம். தாயார் அவனை அடிக்கவில்லை. "ஏன்டா என்னிடம் சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

மறுநாள், அத்தாயாரின் அனுமதியோடு, பெயரைக் குறிப்பிடாமல் தலைமை ஆசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் மிகவும் வருந்தினார். ஆயினும், "இனிமேல் இந்த விளையாட்டுகள் இன்னவை என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும், ஐயா" என்று நான் சொன்னபோது அவர் ஒப்பவில்லை. அவர் சொன்ன நியாயங்கள் மூன்று. அவற்றை இங்கே மறைக்காமல் எடுத்துச் சொல்வது கடமை. ஏனெனில், இந்நாட்டுத் தலைமை ஆசிரியர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சொல்லக்கூடியவை அவை.

முதலாவது: "பள்ளிக்குள் கைப்பேசியே கொண்டுவரக் கூடாது என்பது விதி. பள்ளிக்குள் இல்லாத ஒன்றுக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?" என்றார். கருவி வாசலில் நின்றுவிடுகிறது, மெய்தான். ஆனால் பேச்சு நிற்கிறதா? இடைவேளையில் சிற்றுண்டிச் சாலையில் யார் யாரை வீழ்த்தினார், யார் யாரைக் காட்டிக்கொடுத்தார் என்னும் வழக்குகளே நடக்கின்றன. முந்தைய இரவின் சண்டை மறுநாள் வகுப்பில் பகையாக உட்கார்ந்திருக்கிறது. அன்றியும், அக்கருவியைப் பிள்ளை கையில் கொடுத்தவர் யார்? 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நாடு முழுதும் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, பள்ளிகள் மூடின, பாடம் கைப்பேசிக்குப் போயிற்று. கையிலிருந்த காசுக்குத் தவணை முறையில் கைப்பேசி வாங்கிப் பிள்ளைகளிடம் கொடுங்கள் என்று பெற்றோரை வற்புறுத்தியவர்கள் நாமே. கொரோனா அடங்கிற்று, பாடம் வகுப்புக்குத் திரும்பிற்று, கருவி மட்டும் திரும்பவில்லை. கொடுத்த கை நம்முடையது. அதில் பின்னர் என்ன நடக்கிறதென்று பார்க்கும் கண் வேறொருவருடையதாக இருக்கலாமா?

இரண்டாவது: "குடிகாரனைத் திருத்துவதற்கு நாமும் கள் குடிக்க வேண்டுமா, தம்பி?" என்றார். கேட்டவுடன் வாயடைக்கும் கேள்விதான். ஆனால் எண்ணிப் பாருங்கள். தோட்டங்களில் கள்ளுக்கடை நடந்த காலத்தில் அதனை எதிர்த்து நின்ற பெரியவர்கள் ஒரு மிடறும் குடித்தவர்கள் அல்லர். எனினும் கடை எத்தனை மணிக்குத் திறக்கும், சம்பள நாளில் கூட்டம் எப்படியிருக்கும், ஒரு குடும்பத்தின் கூலியில் எத்தனை பங்கு அங்கே போகும், எந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் அவர்கள் சொல்லுக்கு வலிமை இருந்தது. குடிப்பது வேறு, கடையை அறிவது வேறு. தலைமை ஆசிரியர் விளையாட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கடை எப்படி நடக்கிறது என்று அறிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

மூன்றாவது நியாயமே கடினமானது. "ஆறு மாதத்துக்கு ஒரு புது விளையாட்டு வருகிறது. எதைத் துரத்துவது? எப்போது துரத்துவது?" என்றார். இதற்கு எனக்கு உடனே விடை கிடைக்கவில்லை. பல நாள் அந்தச் சிறுவனையும் அவனுடைய தோழர்களையும் கேட்டுக் கேட்டே விடையைத் தேடிக்கொண்டேன். விளையாட்டின் பெயர் மாறுகிறது, வேஷம் மாறுகிறது, ஆனால் ஒரு தலைமை ஆசிரியர் கவனிக்க வேண்டியவை மூன்றே. ஆட்டம் எவ்வாறு பொழுதை வாங்குகிறது? எவ்வாறு காசை வாங்குகிறது? யாரோடு பேச வைக்கிறது? இம்மூன்றையும் கேட்கத் தெரிந்துவிட்டால், நாளை எந்தப் பெயரில் எது வந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை.

முதலில் பொழுதைப் பார்ப்போம். 2016ஆம் ஆண்டில் வெளிவந்த மொபைல் லெஜண்ட்ஸ் என்னும் விளையாட்டு நம் வட்டாரத்தில் பெயர் பெற்றது. அதில் ஐவர் ஓரணி, ஐவர் எதிரணி. ஒரு தரப்பின் கோட்டை விழும்வரை ஆட்டம் நடக்கும். பத்து நிமிடமும் ஆகலாம், இருபதும் ஆகலாம். இடையில் நிறுத்தி வைக்க வழியில்லை. ஒருவன் பாதியில் எழுந்து போனால், முன்பின் அறியாத நால்வர் அவனால் தோற்பார்கள். விளையாட்டும் அவனுடைய நன்னடத்தைப் புள்ளியைக் குறைத்துத் தண்டிக்கும். இப்போது தாய் சோறு போட்டுவிட்டு அழைக்கிறாள். பையன் "ஒரு நிமிடம்" என்கிறான். தாய்க்கு அது கீழ்ப்படியாமை; பையனுக்கு அது தோழரைக் கைவிடாமை. இருவரும் தத்தம் நிலையில் நியாயம் உடையவர்களே! இதனை அறியாத பெரியவர் கைப்பேசியைப் பிடுங்குவார், அறிந்த பெரியவர், "இந்த ஆட்டத்தை முடித்துவிட்டு வா, அடுத்ததைத் தொடங்காதே" என்பார். இவ்விரண்டாவது கட்டளையை என் அக்காள் மகனிடம் சொல்லிப் பார்த்தேன். முதல் மூன்று நாள் முணுமுணுத்தான். நான்காம் நாள் தானாகவே எழுந்து வந்தான். விளையாட்டின் அமைப்பை அறிந்த கட்டளைக்குப் பிள்ளை பணிகிறது. அறியாத கட்டளையை ஏமாற்றுகிறது.

அடுத்தது காசு. இந்த விளையாட்டுகளில் பல, உள்ளே நுழையக் காசு கேட்பதில்லை. 2017இல் வந்த ஃப்ரீ ஃபயரைப் பாருங்கள். ஐம்பது பேர் ஒரு தீவில் இறங்கி, கடைசியில் மிஞ்சுபவர் வெல்வது அதன் ஆட்டம். இலவசந்தான். ஆனால் உள்ளே 'வைரம்' என்றொரு நாணயம் புழங்குகிறது. அதனை மெய்ப்பணம் கொடுத்தே வாங்க வேண்டும். அதனைக் கொண்டு உடையும் அலங்காரமும் வாங்கலாம். கந்தலுடையில் சபைக்கு வர எந்தப் பிள்ளைக்குத்தான் மனம் வரும்? சில விளையாட்டுகள் இன்னும் ஒருபடி மேலே சென்று, உள்ளே இன்னது இருக்கிறதென்று சொல்லாத மூடிய பெட்டியை விற்கின்றன. பெல்ஜியம் நாட்டுச் சூதாட்ட ஆணையம் 2018இல் ஆராய்ந்து, சில விளையாட்டுகளில் உள்ள அத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள் அடங்குவன என்று முடிவு செய்தது. நம் ஆறாம் ஆண்டுக் கணிதத்தில், ஒன்று நேர்வதற்குரிய வாய்ப்பு எவ்வளவு என்னும் பாடம் இருக்கிறது. பகடையையும் நிறப் பந்தையும் வைத்து அதனை நடத்துகிறோம். 'வைரப் பெட்டியில் நீ விரும்பும் உடை வர எத்தனை தடவை திறக்க வேண்டியிருக்கும்?' என்று ஒரு கணக்குக் கொடுத்துப் பாருங்கள். வகுப்பில் தூங்குகிறவனும் விழித்துக்கொள்வான்.

மூன்றாவது பேச்சு. எங்கள் சிறுவன் விழுந்தது இந்தப் பள்ளத்தில்தான். ஆட்டத்தினூடே முகமறியாதவர் பேசலாம், எழுதலாம். நிறுவனங்களும் இதனைக் கண்டு சில வேலிகள் போட்டிருக்கின்றன. பிள்ளைகள் பெரிதும் விரும்பும் ரோப்லாக்ஸ், ஆட்டங்களுக்கு வெளியே பிறரோடு தனிச்செய்தி பரிமாறுவதை 13 வயதுக்குட்பட்டோர்க்குப் பெற்றோர் அனுமதியின்றி இயலாதபடி 2024 நவம்பரில் கட்டுப்படுத்தியது. நல்லதே. ஆனால், வயதைக் கூட்டிச் சொல்லிக் கணக்குத் தொடங்கிய பிள்ளைக்கு இத்தகைய வேலி எவ்வாறு காவலாகும்? அவ்வாறு கூட்டிச் சொல்லிக் கொடுப்பவர்கள் பல வீடுகளில் அண்ணன்மாரும் அப்பாக்களுமே. "பிறந்த ஆண்டை மெய்யாகச் சொல்லுங்கள்" என்னும் ஒரு வரியை ஒரு தலைமை ஆசிரியர் பெற்றோர் கூட்டத்தில் சொன்னால், நான் எழுதிய முழுப் பக்கத்தைவிட அது பயன்படும்.

நிற்க. "இவ்வளவு தொல்லை எதற்கு? அடியோடு தடுத்துவிட்டால் என்ன?" என்பார் உண்டு. தடுத்துப் பார்த்த நாடுகள் உள்ளன. தென்கொரியா 2011ஆம் ஆண்டில், 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணிவரை இணைய விளையாட்டு ஆடக்கூடாதென்று சட்டம் கொண்டுவந்தது. கணினி விளையாட்டை மனத்தில் வைத்து எழுதிய சட்டம் அது; கைப்பேசி விளையாட்டுக்கு அதில் விலக்கு இருந்தது. பிள்ளைகளோ கைப்பேசிக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். 2021இல் அரசாங்கமே அச்சட்டத்தை நீக்க முடிவு செய்தது. 2022 தொடக்கத்தோடு அது மறைந்தது. அதனைப் படித்தபோது எனக்குச் சிறிது ஆறுதலாக இருந்தது. பிள்ளைகள் விட்டுப்போன இடத்துக்குக் காவல் போட்டவன் நான் ஒருவன் மட்டும் அல்லன்! சீனாவோ 2021இல், 18 வயதுக்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டுமே இணைய விளையாட்டு ஆடலாமென விதித்தது. அவ்வளவு பெரிய அரசின் கையும் கண்ணும் நம் தலைமை ஆசிரியருக்கு இல்லை. அவரிடம் இருப்பது ஒன்றே: பிள்ளை அவரிடம் வந்து பேசும் என்னும் நம்பிக்கை. அதையும் மிரட்டலால் செலவழித்துவிட்டால் பின்னர் எதைக் கொண்டு காப்பார்?

விளையாடும் பிள்ளை எல்லாம் கெட்ட பிள்ளை என்று கருதுவதும் அறியாமையே. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022இல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் 'விளையாட்டுக் கோளாறு' இடம்பெற்றிருப்பது உண்மை. ஆனால் அதற்கு அவர்கள் வைத்த அளவுகோல் கடுமையானது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அதனையே கருதுதல், தீங்கு நேர்ந்தும் தொடர்தல் என்பவை பொதுவாகப் பன்னிரண்டு மாத காலமேனும் நீடித்து, வாழ்க்கையைக் குலைக்க வேண்டும். உறக்கம் கெட்ட பையனும் நோய்ப்பட்ட பையனும் ஒருவன் அல்லன். இருவரையும் பிரித்தறிய வேண்டியவர் அவர்களைத் தினமும் காண்பவரே.

இன்னொரு சங்கதி, இதனை நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் பள்ளியில் மலாய் மொழிக் கட்டுரையில் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்பது தலைமை ஆசிரியரின் நெடுநாட் கவலை. பள்ளியிலும் லயத்திலும் தமிழே பேசும் பிள்ளைகளுக்கு மலாய் பேச ஆள் ஏது? ஆனால் அந்தச் சிறுவனின் தோழன் ஒருவன் ஆடும்போது அருகே அமர்ந்து கேட்டேன். கிளந்தானிலிருந்து ஒரு மலாய்ப் பையன், ஈப்போவிலிருந்து ஒரு சீனப் பையன், இவன். மூவரும் மலாயில் சரமாரியாகப் பேசிக்கொள்கிறார்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளை, மலாய்ப் பிள்ளையையும் சீனப் பிள்ளையையும் முதன்முதல் தோழனாகச் சந்திக்கும் இடம் இன்று பல வேளை இந்த ஆட்டக்களமாக இருக்கிறது! இது நமக்குப் பெருமையா வெட்கமா என்பது வேறு விஷயம். தெரிந்துகொள்ளத் தக்கதா இல்லையா என்பதே இங்குக் கேள்வி.

என் பள்ளிப் பருவத்து நினைவு ஒன்றையும் சொல்ல வேண்டும். 2004ஆம் ஆண்டு வாக்கில், சிங்கப்பூரில் 'லேன் கடை' என்னும் கணினிக் கடைகளில் கவுண்டர்-ஸ்டிரைக் ஆடுவதற்காக, மாமன் கொடுத்த சாப்பாட்டுக் காசை நான் மிச்சம் பிடிப்பேன். பள்ளியில் எல்லா ஆசிரியர்களும் எங்களைக் கடிந்தார்கள். ஒருவர் மட்டும் ஒருநாள், "உங்கள் அணியில் யார் முடிவெடுப்பது? தோற்றால் பழி யார் மேல் விழும்?" என்று கேட்டார். நான் கால் மணி நேரம் விடை சொன்னேன். ஆங்கிலத்தில் தடுமாறாமல் நான் பேசிய முதல் கால் மணி நேரம் அதுதான். "நாளைக்கு இதையே எழுதிக் கொண்டு வா" என்றார். பின்னர் ஒரு சமயம், அக்கடையில் பெரிய பையன்கள் என்னை மறித்துக் காசு பறித்தபோது, நான் ஓடிச் சென்று சொன்னது அவரிடந்தான், மாமனிடமும் சொல்லவில்லை. ஏன் அவரிடம் சொன்னேன்? அவர் அந்த ஆட்டத்தை ஆடியவர் அல்லர். ஆனால் அதனைப் பற்றி என்னைக் கேட்டவர். கேட்டவரிடந்தான் பிள்ளை சொல்லும். இதனை அனுபவத்தில் அறிந்த நானே பெரியவனான பின் மறந்து, பேய் என்றும் நச்சு என்றும் எழுதினேனே! அதனை நினைத்தால் இன்றும் உள்ளம் கூசுகிறது.

இவற்றையெல்லாம் தலைமை ஆசிரியரிடம் சொல்லி, முடிவில் என் தொழிலிலிருந்து ஓர் உவமை சொன்னேன். "ஐயா, நான் அரிவாள் பிடித்துக் குலை வெட்டுகிறவன் அல்லன், வெட்டவும் எனக்குத் தெரியாது. ஆனால் சாலையோரத்தில் குலை அடுக்கியிருக்கும் இடத்துக்கு நடந்து போய், பழுத்தது எது, காய் எது என்று பார்த்து எண்ணாமல் கணக்கு எழுதினால், ஒன்று பொய்க் கணக்காகும், அல்லது ஒருவன் கூலி மற்றொருவனுக்குப் போகும். அலுவலகத்தில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்தும் அழகாகக் கணக்கு எழுதலாம். கையெழுத்து நன்றாகத்தான் இருக்கும். என் சுற்றறிக்கை அத்தகைய கணக்கு" என்றேன். அவர் வெகுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "எத்தனை மணிக்கு நடக்க வேண்டும், தம்பி?" என்று சிரித்தார்.

அதன் பின் வெள்ளிக்கிழமைதோறும் பள்ளி முடியும் முன் அரை மணி நேரம், ஐந்தாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளோடு அவர் அமர்கிறார். கையில் பிரம்பு இல்லை, குறிப்பேடு இருக்கிறது. என்ன ஆடுகிறீர்கள், எத்தனை நிமிடம், எதற்குக் காசு கேட்கிறது, யார் வந்து பேசுகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்கிறார். முதல் வாரம் ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. சுற்றறிக்கை அவர்கள் நினைவில் இருந்தது. இரண்டாம் வாரம் ஒரு சிறுமி பேசினாள். மூன்றாம் வாரம், தலைமை ஆசிரியர் ஒரு விளையாட்டின் பெயரைத் தாறுமாறாக உச்சரித்தார், வகுப்பே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். அன்றுதான் இரண்டு பிள்ளைகள், தங்களிடமும் யாரோ ஆறு இலக்க எண்ணைக் கேட்டதாகச் சொன்னார்கள். இருவரும் கொடுக்கவில்லை. அவர்களுடைய வீடுகளுக்கு அன்றே செய்தி போயிற்று.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். வகுப்பில் தூங்கி விழும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அந்த 380 வெள்ளி திரும்பி வரவில்லை. முன்பணத்தை அந்தத் தாயார் மாதம் 40 வெள்ளியாக அடைத்தார். அவர் பெயருக்கு நேரே அக்கழிவை எழுதும் ஒவ்வொரு மாதமும், அதில் ஒரு பங்கு என் பெயருக்கு நேரே எழுதத் தக்கதென்று எனக்குத் தோன்றும். பையன் மட்டும் பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறான்.

பழைய சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்றுப் புதியது ஒன்றும் எழுதினேன். அதில் பேயும் இல்லை, நச்சுக் கொடியும் இல்லை. 'விளையாட்டில் எந்தத் தொல்லை நேர்ந்தாலும் வீட்டிலோ பள்ளியிலோ உடனே சொல்லுங்கள். சொன்னதற்காக யாரும் தண்டிக்கப்பட மாட்டார்கள்' என்பதும், 997 என்னும் எண்ணும், ஆறு இலக்க எண்ணைத் தாயைத் தவிர யாருக்கும் சொல்லாதே என்பதும், இன்னும் மூன்று நான்கு வரிகளுமே இருந்தன. அச்சுக்குக் கொடுக்கும் முன் அதனை அந்தச் சிறுவனிடம் படித்துக் காட்டினேன். ஒரு விளையாட்டின் பெயரைத் திருத்தினான்; ஓரிடத்தில், "இது எங்களுக்குப் புரியாது, மாமா" என்றான். மாற்றினேன்.

தமிழ்ப்பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும், என்னைப் போல் எழுத்து வரும் என்னும் பெயரெடுத்துச் செயலாளர்களாய் அமர்ந்திருப்போர்க்கும் நான் சொல்லிக்கொள்வது இவ்வளவே. பிள்ளைகளைப் பற்றி எதை எழுதினாலும், அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு பிள்ளையிடம் படித்துக் காட்டுங்கள். அந்தப் பிள்ளை தலைகுனிந்து புன்னகை செய்தால், கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.